காலடித் திசையை வணங்குவோம்



இராசகிருகத்து வேணுவனத்தில் பகவன் புத்தர் தங்கியிருந்த காலத்தே, ஒரு நாள் வைகறையில் சிகாலன் என்னும் இல்லறத்து இளைஞன் ஈர ஆடையோடும் ஈரத் தலையோடும் நின்று ஆறு திசைகளையும் கைகூப்பித் தொழுதுகொண்டிருந்தான். பகவன் காரணம் வினவினார். இறக்குங்கால் தன் தந்தை அவ்வாறு தொழும்படி சொல்லிச் சென்றார் என்பதன்றி வேறு காரணம் அவனுக்குத் தெரியவில்லை. பகவன் அவனை இகழ்ந்தாரல்லர். தொழுதலை நிறுத்து என்றும் கூறினாரல்லர். திசைகளின் பொருளையே மாற்றித் தந்தருளினார். கிழக்கு என்பது தாய் தந்தையர். தெற்கு என்பது ஆசிரியர். மேற்கு என்பது மனைவி மக்கள். வடக்கு என்பது நண்பர். காலடியில் உள்ள திசை என்பது நம்மிடம் பணி செய்வோர். தலைக்கு மேலுள்ள திசை என்பது துறவோர். இவர்களுக்கு ஆற்ற வேண்டிய கடமையை ஆற்றுதலே திசையைத் தொழுதலாம்.

தீக நிகாயத்தில் உள்ள இச்சூத்திரத்தில் தாய் தந்தையரைப் பற்றியும் ஆசிரியரைப் பற்றியும் கூறும் பகுதிகளை நாம் அடிக்கடி எடுத்துரைக்கின்றோம். காலடித் திசையைப் பற்றிய பகுதியை அத்துணை எடுத்துரைப்பதில்லை. ஒருவேளை, நெடுங்காலமாக நாமே பிறர் காலடியில் இருந்தமையால், அப்பகுதி நமக்குக் கூறப்பட்டதன்று என்று எண்ணிவிட்டோம் போலும். பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி எல்லையிலும் வாழும் நம்மவர்க்கு இன்று அப்பகுதியே மிகவும் வேண்டற்பாலது. ஏன் என்பதை இவ்வுரையில் ஆராய்வோம்.

ஆள் நிற்பதில்லை

இம்மலைப்புறங்களில் எங்கும் ஒரு முறையீடு கேட்கின்றது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் ஆள் நிற்பதில்லை. நெல்லியாம்பதித் தோட்டங்களில் ஆள் நிற்பதில்லை. உடும்பன்சோலையிலும் நெடுங்கண்டத்திலும் காய் எடுக்க ஆள் கிடைப்பதில்லை. வாளையாற்றை அடுத்த கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் பழகிய ஆள் தங்குவதில்லை. லயத்தில் பிறந்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் எரணாகுளத்திற்கும் இறங்கிப் போகின்றனர். அவர் விட்டுச்சென்ற இடத்திற்கு ஜார்க்கண்டு, அஸ்ஸாம் முதலிய தொலைநாடுகளிலிருந்து ஆட்கள் கொணரப்படுகின்றனர். அவர்களிலும் பலர் நெடுநாள் நிற்பதில்லை.

இதற்குக் காரணம் யாது? இக்காலத்து இளைஞர் சோம்பேறிகள் என்பர் சிலர். ரேஷன் அரிசி கெடுத்துவிட்டது என்பர் சிலர். கைப்பேசி கெடுத்துவிட்டது என்பர் வேறு சிலர். கூலி போதாமை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அதனை மறைத்துப் பேசுவது அறமன்று. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கேரளத்தில் தோட்டக் கூலியை முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் அரசாங்கத்தாரும் கூடிய தோட்டத் தொழிலாளர் குழுவில் பேசி முடிவு செய்வது வழக்கம். ஆகவே அடுத்தடுத்த இரண்டு தோட்டங்களில் நாட்கூலி பெரும்பாலும் ஒன்றேயாம். மழை ஒன்று, குளிர் ஒன்று, அட்டைக்கடியும் ஒன்று. அவ்வாறிருந்தும் ஒரு பிரிவில் ஆட்கள் ஆண்டாண்டாகத் தங்குகின்றனர். அடுத்த பிரிவில் ஆண்டு முடியுமுன் பெயர் வெட்டிக்கொண்டு போகின்றனர். கூலி ஒன்றாயிருக்க, வேறுபடுவது எது? காலையில் பெயர் கூப்பிடுகிறவரின் நாவும், மாலையில் தராசு பிடிக்கிறவரின் கையுமே வேறுபடுகின்றன.

கட்டிவைத்தல் வேறு, தங்கியிருத்தல் வேறு

ஆட்களை நிறுத்திவைப்பது எவ்வாறு என்னும் கேள்வி இம்மலைகளுக்குப் புதியதன்று. 1877ஆம் ஆண்டில் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றதற்குப் பின்னர், காட்டை வெட்டித் தோட்டம் இடுவதற்கு ஆயிரமாயிரம் கைகள் வேண்டியிருந்தன. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து நம் முன்னோர் போடிநாயக்கனூர் வழியாக மலையேறினர். பஞ்சமும் சாதிக் கொடுமையும் அவர்களைப் பின்னிருந்து தள்ளின. கங்காணி நீட்டிய முன்பணம் முன்னிருந்து இழுத்தது.

கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. அவர் கொண்டுவந்த ஆள் வேலைக்கு வந்த நாள்தோறும் அவருக்கு அக்காசு சேரும். ஆள் படுத்துவிட்டால் காசு நின்றுவிடும். ஆதலின் காய்ச்சற்காரரையும் பிள்ளை பெற்றவளையும் எழுப்பி விரட்டுவது அவருக்கு ஆதாயமாயிற்று. முன்பணமோ கணக்கில் தீர்வதேயில்லை. தீராத கடனே ஆளைக் கட்டும் கயிறாயிற்று. பிரிட்டிஷ் இந்தியாவில் 1859ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, முன்பணம் பெற்று வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தவும், ஆணைக்கு இணங்காவிடில் மூன்று மாதம் வரை சிறையிலிடவும் இடந்தந்தது. அச்சட்டம் நீங்க 1926ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்க்குத் ‘துண்டு’ என்னும் சீட்டு இருந்தது. அவர்களுடைய கடன் இவ்வளவு என்று குறித்து, அக்கடனைத் தீர்ப்பவர் இவர்களைக் கொள்ளலாம் என்று கூறும் சீட்டு அது. அஃதின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. அம்முறை 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது.

அன்பர்களே, இத்தனை கயிறுகள் எதற்காகத் தேவைப்பட்டன? தானே தங்க விரும்புகிறவனைக் கட்டிவைக்க வேண்டுவதில்லை. கட்டு இருந்தது என்பதே, கட்டில்லாவிடில் ஓடிவிடுவர் என்பதை மேலிருந்தோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

கடனும் சட்டமும் போயின. வீடு என்னும் கயிறு எஞ்சி நின்றது. வேலையுள்ள வரையில்தான் லயத்து அறை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அறையை ஒழிக்க வேண்டும். மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்தால் குடும்பம் தங்கலாம். கூரைக்காகவே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் எத்தனை! 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. ஒரு குடும்பத்தின் பல கிளையினர் ஒருங்கே வாழ்ந்த இடமாகையால் ஒருங்கே மாண்டனர். அவர்களை எண்ணும்போது நம் நெஞ்சு இன்றும் கனக்கின்றது.

கயிற்றால் நின்றவர்களை, நம்மை விரும்பி நின்றவர்கள் என்று மேலிருப்போர் பிழைபட எண்ணிவிட்டனர். சாலையும் பள்ளியும் கைப்பேசியும் வந்து கயிறு தளர்ந்தபோதே உண்மை வெளிப்பட்டது. ஆள் நிற்பதில்லை என்று முறையிடுகிறவர், ஆள் எப்போதாவது தாமாக நின்றனரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கண்ணீரற்ற வேள்வி

தீக நிகாயத்திலேயே கூடதந்தன் என்னும் பிராமணனுக்குப் பகவன் உரைத்த வரலாறு ஒன்று உண்டு. மகாவிஜிதன் என்னும் பண்டைய அரசன் ஒரு பெருவேள்வி செய்தான். அவ்வேள்வியில் ஆடுமாடுகள் கொல்லப்படவில்லை என்பதை நாம் எடுத்துச் சொல்வதுண்டு. அதனோடு சேர்த்துப் பகவன் கூறிய மற்றொன்றை மறந்துவிடுகின்றோம். அங்கே பணி செய்தவர்கள் தண்டத்திற்கு அஞ்சியும், அழுத முகத்தோடும் செய்யவில்லை. விரும்பியவர் செய்தனர், விரும்பாதவர் செய்யவில்லை. விரும்பிய பணியைச் செய்தனர், விரும்பாததை விட்டனர். ஒரு வேள்வி தூயதா என்பதை அறிய, பலிபீடத்தைப் பார்த்தது போலவே பணியாளரின் முகத்தையும் பார்த்தார் நம் ஆசான். அவ்வரலாற்றில், வேள்விக்கு முன்னரே உழவர்க்கு விதையும், வணிகர்க்கு முதலும், பணியாளர்க்கு உணவும் ஊதியமும் அளிக்கும்படி அரசனுக்கு அறிவுறுத்தப்படுகின்றது. முதலில் ஊதியம், பின்னரே வேள்வி. இவ்வரிசையை நினைவிற் கொள்ளுங்கள்.

ஏனெனில் இன்சொல் ஒன்றே போதும் என்று நாம் கூறவரவில்லை. வயிறு காயும்போது இன்சொல் ஏளனமாகிவிடும். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மூணாற்றில் நிகழ்ந்தது நமக்கெல்லாம் தெரியும். அங்குள்ள தோட்டங்களை 2005ஆம் ஆண்டு முதல் நடத்திவந்த கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனியில் தொழிலாளரே பெரும்பான்மைப் பங்குதாரர் என்பது அதன் பெருமை. அந்த ஆண்டு, தேயிலை விலை வீழ்ந்து இலாபம் குறைந்தது என்று காரணம் காட்டப்பட்டு, போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 20 சதவீதம் வேண்டுமென்று பல்லாயிரம் பெண்கள் மூணாற்றுச் சாலையில் வந்து அமர்ந்தனர். ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயர் அப்போது பிறந்தது. தங்களுக்காகப் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் அண்டவிடவில்லை. ஒன்பது நாட்களுக்குப் பின்னர் 20 சதவீதம் தர உடன்பாடு ஏற்பட்டது. அடுத்து 232 ரூபாயாயிருந்த நாட்கூலியை 500 ஆக்க வேண்டுமென்று போராட்டம் தொடர்ந்தது; அக்டோபரில் அது 301 ரூபாயாக உயர்ந்தது.

இதனைப் பணத்திற்கான பூசல் என்று மட்டும் கருதுவோர் பாதியையே காண்கின்றனர். கம்பெனியின் நிருவாகிகளிடத்து மட்டுமன்றி, தம் சங்கத் தலைவர்களிடத்தும் அப்பெண்கள் ஏன் சினந்தனர்? இருசாராரும் தங்களைக் கேட்பதில்லை என்பதனாலன்றோ? பங்குதாரர் என்னும் பெயர் கிடைத்தாலும் பேசும் இடம் கிடைக்கவில்லையானால் அப்பெயர் உள்ளத்தை ஆற்றாது. கேட்கப்படாத சொல் வீதிக்கு வரும். வீதிக்கும் வராத சொல் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போகும். வீதிக்கு வந்தவர்களை நன்றியோடு எண்ண வேண்டும். அவர்கள் தங்கியிருக்க விரும்பியதனாலேயே போராடினர்.

ஜீப்பில் ஏறும் உரிமை

மூணாற்றுக்குத் தெற்கே ஏலமலைகளில் வேறொரு காட்சி. தேனி மாவட்டத்துப் போடி, கம்பம், உத்தமபாளையம் வட்டாரங்களிலிருந்து நாள்தோறும் விடியுமுன் பெண்கள் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர், மாலையில் திரும்புகின்றனர். நெருக்கியடித்து ஏற்றப்பட்ட ஜீப்புகள் கவிழ்ந்து உயிர்கள் போனதும் உண்டு. இவர்களுக்கு லயம் இல்லை. முன்பணம் வாங்கிச் சிக்கியவர் தவிர ஏனையோர் நாளை எந்த ஜீப்பில் ஏறுவது என்பதைத் தாமே தீர்மானிக்கின்றனர்.

இவர்கள் எந்தத் தோட்டத்திற்கு மீண்டும் மீண்டும் போகின்றனர் என்று பாருங்கள்; அதுவே அத்தோட்டத்துக் கண்காணிப்பாளருக்குக் கிடைக்கும் நற்சான்றுப் பத்திரம். ஏலச்செடியின் காய் ஒரே நாளில் முற்றுவதன்று. ஒரே செடிக்குப் பருவம் முழுவதும் பலமுறை திரும்பி வர வேண்டும். முற்றிய காயை மட்டும் எடுத்து, பிஞ்சையும் பூவையும் விட்டு, சரம் ஒடியாமல் கையைத் திரும்ப எடுப்பது பழகிய விரல்களுக்கே கைவரும். அவ்விரல்களுக்குரியவளை ஒரு வசைச்சொல்லால் விரட்டிவிட்டு, நாளை புதிய ஆளை அழைத்துவந்து சரத்தை ஒடிப்பவன் தன் முதலாளிக்கும் நட்டம் செய்கின்றான், தனக்கும் தீவினை சேர்க்கின்றான்.

எவ்வாறு ஒருங்கே வைத்திருக்கின்றீர்?

மனிதரைத் தாமாகத் தங்கச் செய்வது எங்ஙனம் என்னும் கேள்வியைப் பகவனே ஒருமுறை கேட்டிருக்கின்றார். ஆளவி நகரத்து ஹத்தகர் என்னும் உபாசகர் ஐந்நூறு பேர் சூழ அவரைக் காண வந்தார். இத்துணைப் பெரிய கூட்டத்தை எவ்வாறு ஒருங்கே வைத்திருக்கின்றீர் என்று பகவன் வினவினார். தாங்கள் கற்பித்த நான்கு சங்கிரக வத்துக்களைக் கொண்டே என்றார் ஹத்தகர். கொடையால் சேர்க்கத்தக்கவரைக் கொடையாலும், இன்சொல்லால் சேர்க்கத்தக்கவரை இன்சொல்லாலும், நலம் புரிவதால் சேர்க்கத்தக்கவரை நலம் புரிந்தும், சமமாக நடத்துவதால் சேர்க்கத்தக்கவரைச் சமமாக நடத்தியும் சேர்த்துக்கொண்டதாக விடை கூறினார். பகவன் அதனை மெச்சினார். அங்குத்தர நிகாயத்தில் மற்றோரிடத்தில், ஓடும் தேருக்குக் கடையாணி எப்படியோ அப்படி இந்நான்கும் உலகத்திற்கு என்று உவமை கூறப்படுகின்றது. கடையாணி சிறிது; கழன்றால் தேர் குடைசாயும்.

இந்நான்கனுள் முதலாவது கொடை. கூலியைக் குறித்த நாளில் குறையாமல் கொடுப்பதே தொழிலிடத்தில் முதற்கொடை. அதன்மேலும் கொடுக்க இயலுமாயின் நன்று. இரண்டாவது இன்சொல். அறுபது வயதுடைய பெண்ணை இருபத்தைந்து வயதுடைய கண்காணிப்பாளன் ‘ஏ, வாடி’ என்று விளிப்பதைக் கேளாதவர் நம்மில் யார்? அவ்விளி சாதியிலிருந்து பிறந்தது என்பதும் நாம் அறியாததன்று. ‘அக்கா’ என்றும் ‘பெரியம்மா’ என்றும் அழைக்க ஒரு காசும் செலவில்லை. மூன்றாவது நலம் புரிதல். மருத்துவச் சீட்டு வாங்கவும், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழுக்கும், சேமநிதிப் பணத்திற்கும் அலைகிறவர்க்கு வழி காட்டுதல். நான்காவது சமநிலை, மழையில் அவர் நனையும்போது தான் மட்டும் குடைக்கீழ் நின்று கத்தாதிருத்தல், தனக்கொரு குவளை அவர்க்கொரு குவளை என்று வையாதிருத்தல்.

கல்லூரிகளில் இக்காலத்தே ஆள்நிருவாகம் ஒரு கலையாகக் கற்பிக்கப்படுகின்றது. கற்கட்டும், நல்லதே. ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. குறைந்த கூலிக்கு ஆளை நிறுத்திவைக்கும் பொருட்டே பேசப்படும் இன்சொல், இன்சொல்லன்று. அது முன்பணத்தின் மறுவடிவம். தம்மத்தில் செயலை அளப்பது சேதனை, அதாவது உள்ளத்து நோக்கம். அதனாலேயே நான்கனுள் கொடை முன்னும் இன்சொல் பின்னும் வைக்கப்பட்டன என்று நாம் கொள்ளலாம்.

ஐந்து கடமைகள்

இனிச் சிகாலனுக்கு உரைத்த காலடித் திசைக் கடமைகளுக்கு வருவோம். மேலிருப்பவர் பணி செய்வோர்க்கு ஐந்து செய்தல் வேண்டும் என்றார் பகவன்.

முதலாவது, வலிமைக்கேற்பப் பணியைப் பகுத்தளித்தல். நம் காஞ்சிமாநகரிலும் தங்கியிருந்தவரான உரையாசிரியர் புத்தகோசர், இளையோர் செய்யத்தக்க பணியை முதியோர் தலையில் சுமத்தலாகாது என்று இதற்கு விளக்கம் தருகின்றார். முழங்கால் வலியுடைய மூதாட்டியைச் செங்குத்தான பத்திக்கு அனுப்பிவிட்டு, கொழுந்து குறைந்தது என்று ஏசுகிறவர் இக்கடமையில் தவறியவர்.

இரண்டாவது, உணவும் ஊதியமும் அளித்தல். இதனுள் தராசும் அடங்கும். ஈரத்திற்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று நியாயத்திற்கு மேல் கழித்தெழுதுவது கொடுக்கப்படாததை எடுத்தலாம். காலையில் பஞ்சசீலம் ஏற்று மாலையில் ஒரு கிலோவை விழுங்குகிறவர் இரண்டாம் சீலத்தை இழந்தார்.

மூன்றாவது, நோயில் பேணுதல். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவம், குடிநீர், வீடு, பிள்ளைக்காப்பகம் முதலியவற்றை முதலாளியின் பொறுப்பாக வகுத்தது. சட்டம் பிறப்பதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்னரே, 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், பேறுகாலத்துப் பெண் தொழிலாளர்க்கு ஓய்வும் உதவியும் வேண்டுமென்று வாதாடியவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாக சபையில் தொழில்துறைப் பொறுப்பை ஏற்றிருந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். நோயைப் பேணுதலை அவர் கருணையோடு நிறுத்தாது உரிமையாக்க முயன்றார்.

நான்காவது, சிறந்த உணவு கிடைத்தவிடத்துப் பகிர்ந்துண்ணல். விலை ஏறிய ஆண்டின் ஆதாயத்தில் பங்கு தருதலும் இதன்பாற்படும்.

ஐந்தாவது, காலமறிந்து விடுப்பளித்தல். ஊரில் திருமணமோ சாவோ நேரும்போது மலையிலிருந்து இறங்கிப் போய்வர ஒரு நாள் போதாது. நெடுந்தொலைவிலிருந்து வந்த வடநாட்டுத் தொழிலாளிக்கோ இரண்டு வாரமும் போதாது. கேட்ட விடுப்பை மறுத்த இடத்திலிருந்தே மனிதர் திரும்பி வாராமற் போகின்றனர்.

இவ்வாறு பேணப்பட்டவர் ஐந்து கைம்மாறு செய்வர் என்றும் பகவன் கூறினார். முன்னெழுந்து, பின்னுறங்கி, கொடுத்ததையே கொண்டு, பணியைச் செவ்வனே செய்து, மேலிருப்பவரின் நற்பெயரைப் பரப்புவர். ஆட்களுக்கு அன்பு காட்டினால் வேலை கெடும் என்று அஞ்சுகிறவர்க்கு இதுவே விடை. கண்டித்தல் கூடாது என்பதும் பகவன் கருத்தன்று. காலமறிந்து, உண்மையை, மென்மையாக, பயனுள்ளதாக, அன்புள்ளத்தோடு சொல்லப்படும் சொல்லே குற்றமற்ற சொல் என்றார். பலர் முன்னிலையில் உரக்கச் சொன்ன உண்மை காலமறியாச் சொல். கணக்கு முடிந்தபின் தனியே அழைத்துச் சொன்ன அதே உண்மை நற்சொல்.

இனி நம்மைப் பற்றி

இதுகாறும் கூறியவற்றைக் கேட்கும்போது நம் மனக்கண்முன் தோன்றியவர் யார்? துரையும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் தோன்றியிருப்பர். அது இயல்பே. ஆனால் அவ்வளவில் நிறுத்திவிட்டால் இவ்வுரையால் பயனில்லை.

1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் தம்ம தீட்சை பெற்றார். அதற்குப் பதினெட்டு நாட்களுக்குப் பின்னர், நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் பிறந்தது. மலபாரின் பாலக்காடும், தேவிகுளம், பீருமேடு மலைகளும் அதனுள் அடங்கின. அன்று முதல் இவ்வெல்லையின் இருபுறமும் நம் மக்கள் பல படிகள் ஏறியிருக்கின்றனர். லயத்தில் பிறந்தவர் இன்று ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர். தோட்டத்திலேயே கண்காணிப்பாளராகவும், திருப்பூரில் தையற் பிரிவின் சூப்பர்வைசராகவும், கஞ்சிக்கோட்டில் ஷிப்டுப் பொறுப்பாளராகவும் இருக்கின்றனர். ஜீப்பில் ஆள் ஏற்றிச் செல்லும் முகவராகவும் சிலர் உள்ளனர். நாம் மகிழ்கின்றோம். ஆயின் படியேறியவனுக்குப் புதிதாக ஒரு காலடித் திசை உண்டாகிவிடுகின்றது.

நம் பாட்டனார் விட்டுப்போன அதே லயத்து அறைக்கு இன்று ஜார்க்கண்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கின்றது. அவர்களுள் பலர் பழங்குடியினர். மொழி தெரியாது, முன்பணத்தோடு முகவர் அழைத்து வந்தார், பிள்ளைக்குப் பள்ளி தெரியவில்லை. நூறாண்டுக்கு முன் போடிமலை ஏறிய நம் முன்னோரின் நிலை இதுவன்றோ? அவர்களை நம்மவர் எவ்வாறு அழைக்கின்றனர்? எம்மாநிலத்தாராயினும் ‘பெங்காலி’ என்றோ ‘வடக்கன்’ என்றோ அழைக்கின்றனர். பெயர் கேட்பதில்லை. நம்மைச் சாதிப்பெயரால் அழைத்தவன்மீது நாம் கொண்ட சினம் நியாயமானதாயின், பெயரற்றவராக அழைக்கப்படும் இவர் சினமும் நியாயமானதே.

சாதியை விட்டு வெளியேறினோம் என்று கூறுகின்றோம். சாதி என்பது மேலிருந்து கீழ்நோக்கி விழும் சொற்களின் ஓர் அடுக்கு. மேலே நிற்பவரின் இழிசொல்லைப் பெற்று, அதனைச் சற்றும் குறையாமல் கீழே நிற்பவர்மீது இறக்கிவைப்பதே அதன் இயக்கம். மானேஜர் கண்காணிப்பாளரை ஏசுகின்றார். கண்காணிப்பாளர் மேஸ்திரியை ஏசுகின்றார். மேஸ்திரி கூடை சுமப்பவளை ஏசுகின்றார். இச்சங்கிலியை அறுக்க மேலேயுள்ளவர் மனம் மாறும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இடையில் நிற்கும் எவரும், தம்மேல் விழுந்த சொல்லைத் தம்மோடு நிறுத்திக்கொண்டால், அந்த இடத்தில் அது அறுந்துவிடும். பௌத்தராகிய கண்காணிப்பாளர் ஒருவருக்குத் தொழிலிடத்தில் வாய்க்கும் தியானம் இதுவே. இது எளிதன்று. மேலிருந்து வரும் நெருக்குதலை ஏற்று, கீழே அதை இறக்காமல் நிற்பதற்குக் காந்தி என்னும் பொறுமைப் பாரமிதை வேண்டும். அதற்கே நாம் நாள்தோறும் பயிலுகின்றோம்.

ஆகவே ஒரு பயிற்சியை எல்லாச் சங்கத்தாரும் மேற்கொள்ள வேண்டுகின்றோம். அடுத்த உபோசத நாளில், நமக்குக் கீழ்ப் பணி செய்வோர் எவரேனும் இருப்பின், அவர்தம் பெயர்களை ஒரு தாளில் எழுதுவோம். வீட்டு வேலைக்கு வருபவளையும், கடையில் நிற்கும் சிறுவயதினரையும் விட்டுவிடாது எழுதுவோம். எவருடைய முழுப்பெயர் நமக்குத் தெரியவில்லையோ அவரிடம் மறுநாள் சென்று கேட்டறிவோம். பின்னர், கடந்த ஓராண்டில் நம்மை விட்டு நீங்கியவர் பெயர்களையும் எழுதுவோம். ஒவ்வொரு பெயரின் எதிரிலும், கூலியால் நீங்கினரா, நோயால் நீங்கினரா, நம் நாவினால் நீங்கினரா என்று நெஞ்சறிந்து குறிப்போம். மூன்றாவது காரணத்தால் நீங்கியவர் ஒருவர் இருப்பினும், இயலுமாயின் அவரை நேரில் கண்டு இரண்டு நல்ல வார்த்தை சொல்வோம். அவர் திரும்பி வருவது அவர் விருப்பம்.

மேலிருப்போர் நமக்கு இழைப்பனவற்றைக் கேட்கும் உரிமையை இதனால் நாம் விட்டுவிடவில்லை. கூலிக்காகவும் வீட்டுக்காகவும் மாண்புக்காகவும் போராடும் எவரோடும் நாம் நிற்போம். காலடித் திசையைத் தொழுபவன் தலை நிமிர்ந்து தன் உரிமையைக் கேட்கத் தகுதி மிகுந்தவனாவான்.

மலையில் கொழுந்து கிள்ளுவோரும், ஏலக்காட்டில் காய் எடுப்போரும், ஆலையில் இயந்திரத்தோடு நிற்போரும், அவர்களை நடத்திச் செல்வோரும் பகையும் அச்சமும் நீங்கி வாழ்வார்களாக. பெட்டிமுடியிலும் மலைச்சாலைகளிலும் உயிர் நீத்தவர்களுக்கு இன்றைய நம் புண்ணியத்தில் பங்கு சேர்வதாக.

சாது, சாது, சாது.